பாயின் கண்ணும் என் விளக்கும்

என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகிய விரலில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது இதுதான். நான் தருமமாகக் கொடுத்த விளக்கால் பட்டுக்குச் சாயம் போடும் ஒரு பாயின் தொழில் போனது. தன் கண் கெட்டுப்போய்விட்டது என்று அவர் நம்பினார். கெடவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எட்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

நான் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் கிராமத்தில் பிறந்தவன். அப்பாவுக்குக் குத்தகை நிலம். பள்ளியை விட்டதும் காஞ்சிபுரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். ஆட்கள் வந்தால் பெரிய ரேடியோப் பெட்டிக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொள்வேன். பெட்டி பதில் பேசாது, அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் காலத்தில் சாயங்காலமானால் ஊரில் கரண்ட் இறங்கிவிடும். டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கிப்போகும். அதற்கு ஸ்டெபிலைசர் செய்து கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு வாடகை அறையில் நானும் என் மனைவியும் உட்கார்ந்து செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றினோம். பிறகு எமர்ஜென்சி விளக்கு, அதற்குப் பிறகு இன்வெர்ட்டர் போர்டு. ஓரிக்கையில் ஷெட் போட்டோம். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பெரிய கம்பெனிகள் எங்கள் போர்டை வாங்க ஆரம்பித்த பிறகு எனக்கே என்னைப் பார்த்தால் வேறு யாரோ போல இருந்தது.

தொழிலை மகளிடம் கொடுத்துவிட்டு ஒரு டிரஸ்ட் வைத்தேன். வள்ளல் என்று போட்டு என் படத்தோடு பேனர் கட்டினார்கள். அந்தத் தெரு வழியாகப் போக வெட்கப்பட்டு ஒரு வாரம் சுற்றிப் போனேன். மேடையில் கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பேசச் சொன்னால் மைக்கைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவேன். அடக்கமான மனிதர் என்று அதற்கும் ஒரு பேர் கொடுத்தார்கள்.

தறி வீடுகளுக்கு விளக்கு கொடுப்பது என் சொந்த யோசனை. தறியின் மேல் நீளமாகத் தொங்கும், கரண்ட் போனாலும் எரியும், நெய்கிற கையின் நிழல் சேலையில் விழாது. அதற்கான சர்க்யூட் போர்டை நானே உட்கார்ந்து செய்தேன். அதில் வைக்க இரண்டு வகை எல்.இ.டி. வந்தது. ஒன்று கொஞ்சம் மஞ்சள். இன்னொன்று பால் மாதிரி வெள்ளை. என் மனைவி நெசவாளி வீட்டுப் பெண். வெள்ளை விளக்கின் கீழே தன் கல்யாணச் சேலையை விரித்துப் பார்த்தாள்.

“இன்னாங்க, இதுல அரக்கு ஈரல் மாதிரி இருக்குது.”

“வெளிச்சம் எப்படி இருக்குது, அத சொல்லு.”

“வெளிச்சத்துக்கு இன்னா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது.”

நான் வெள்ளையையே எடுத்தேன். அந்த வகை விளக்கில் சிவப்பு சரியாகத் தெரியாது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியாதது இல்லை. பிரகாசமாக இருந்தால் போதும், நிறத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பட்டு நெய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைத்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாக விளக்கை மாட்டினோம். ஒரு நெசவாளிப் பெண் சுவிட்சைப் போட்டுவிட்டு என்னிடம், “அண்ணா, இன்னிக்குத்தான் எங்க வூட்டுக்காரர் மூஞ்சிய ஒழுங்கா பாக்கறேன். இத முன்னாடியே குடுத்திருந்தீங்கன்னா கல்யாணமே வேணான்னு இருப்பேன்” என்றாள். அவள் புருஷன் தறிக்குழியிலிருந்தே, “நான் மட்டும் இன்னா, இப்பத்தான் உன்ன பாக்கறேன்” என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

தறி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. குறுக்கே ஓடும் ஊடை நூல் பாதிச் சேலையில் தீர்ந்துபோனால், புதுச் சாயத்தில் வந்த நூலை அப்படியே போட மாட்டார்கள். பழைய நூலின் நுனியையும் புது நூலையும் சேர்த்து முறுக்கி வாசலுக்கு எடுத்துப் போவார்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால்தான் நெய்வார்கள். பொழுது போய்விட்டால் மறுநாள் வரை தறி நிற்கும். என் விளக்கு வந்த பிறகு வாசலுக்குப் போவது நின்றுவிட்டது. வீட்டுக்குள்ளேயே பகல் இருக்கும்போது எதற்கு எழுந்து போக வேண்டும் என்றார்கள்.

பாயின் சாயப்பட்டறை அந்தத் தெருக் கோடியில்தான் இருந்தது. ரேடியோக் கடை நாளிலிருந்து அவரை எனக்குத் தெரியும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். கடைக்காரர்கள் ஒரு விரல் நீள நூலைக் கொடுத்தால் போதும், அதே நிறத்தைக் கொண்டுவருவார். விளக்கு கொடுக்கும் தறி வீடுகளின் பட்டியலில் அவர் பேர் இல்லாவிட்டாலும் நானே பிரியப்பட்டு அவருக்கும் ஒரு விளக்கு மாட்டினேன்.

ஐப்பசியில் அடைமழை. எங்களைச் சிரிக்கவைத்த அந்த நெசவாளிப் பெண் வீட்டுத் தறியில் ஒரு கல்யாணச் சேலை, உடல் முழுக்க அரக்கு. ஊடை பாதியில் தீர்ந்துபோனது. பாய் மறுபடி சாயம் போட்டார். வெயிலே இல்லை. கூரைக்குள் காயவைத்து, என் விளக்கின் கீழே பழைய நூலோடு வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. அந்தப் பெண்ணும் தறியில் அதே விளக்கில் பார்த்தாள். நெய்தாள்.

மழை விட்டு வெயில் வந்த அன்று, சேலைக்கு ஆர்டர் எடுத்த கடை முதலாளி கல்யாணப் பெண் வீட்டாருக்கு முன்னால் அதை விரித்தார். நடு உடலில் கோடு கிழித்த மாதிரி இரண்டு நிறம். ஒரு பக்கம் அரக்கு, மறுபக்கம் செங்கல். இரண்டு சேலையை வெட்டி ஒட்டியது போல இருந்ததாம். பெண் வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். முதலாளி பாயை வரவழைத்து, கடை நிறைய ஆள் இருக்கும்போது, “கண்ணு தெரியலன்னா சொல்லிட்டு வூட்ல உக்காருங்க பாய். ஏன் என் கடை பேர கெடுக்கறீங்க?” என்று கேட்டிருக்கிறார். ஒரு வாரத்தில் மற்ற கடைகளும் அவருக்கு நூல் அனுப்புவதை நிறுத்திவிட்டன. இதெல்லாம் அந்த நெசவாளிப் பெண் பிற்பாடு எனக்குச் சொன்னது.

கார்த்திகையில் பாய் என் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். தம்பி என்று கூப்பிடுகிறவர் அன்றைக்கு முதலாளி என்றார்.

“கண்ணு போச்சு மொதலாளி. வாட்ச்மேன் வேல எதுனா இருந்தா குடுங்க. கண்ணு ஆபரேஷனுக்கும் நீங்கதான் பாத்து செய்யணும்.”

“உக்காருங்க பாய். கண்ணுக்கு இன்னா?”

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். இரண்டு நூல் துண்டுகள். “இது மொத சாயம், இது ரெண்டாவது. கடையில பாத்தா கோடு தெரியுது. வூட்டுக்கு வந்து பாத்தா ஒண்ணாத்தான் தெரியுது. ஒரு நேரம் தெரியுது, ஒரு நேரம் தெரியல. பழைய பல்புல நான் எப்பவும் கலர் பாத்ததில்ல, அது பொய் சொல்லும். உங்க வெளக்கு அப்படியா? உங்க வெளக்குலயே எனக்குத் தெரியலன்னா கண்ணுதான போச்சு?”

என் தலைக்கு மேலே அதே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேஜையில் இருந்த இரண்டு நூலும் ஒரே நிறம். போன் வந்ததாகச் சொல்லி அவற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். வெயிலில் ஒன்று அரக்கு, மற்றது செங்கல். உள்ளே வந்து உட்கார்ந்தேன். சொல்ல வாயெடுத்தேன். ஊரெல்லாம் தொங்குகிற விளக்குகள் கண் முன்னால் வந்தன.

“ஆபரேஷன் பண்ணிக்கலாம் பாய். எல்லாம் நம்ம பொறுப்பு. நாளைக்கே வாட்ச்மேனா கேட்டுக்கு வந்துடுங்க” என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துவா செய்தார். அந்த நூல்களை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய் இழுப்பறையில் போட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் என் வண்டி வரும்போது எழுந்து நின்று சலாம் வைப்பார். நான் கண்ணாடியை இறக்காமல் கையை மட்டும் தூக்குவேன். டாக்டர் பார்த்துவிட்டு, லேசாகப் புரை இருக்கிறது, இந்த வயதில் எல்லோருக்கும் இருப்பதுதான், இப்போது அவசரம் இல்லை என்றார். பாய் கேட்கவில்லை. ஆபரேஷன் செய்தால் பழைய கண் வந்துவிடும், மறுபடி சாய அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று அவருக்கு ஆசை. மாதா மாதம் போய்க் கெஞ்சி, கடைசியில் ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமைக்கு நாள் வாங்கிவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் மனைவி ஏதோ சாவியைத் தேடி வீட்டில் என் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். நூல் துண்டுகள் இருந்தன. நெசவாளி வீட்டுக் கை சும்மா இருக்காது. முறுக்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனாள். திரும்பி வந்து எங்கள் வீட்டில் மாட்டியிருந்த அதே விளக்கின் கீழே பார்த்தாள்.

“இது பாய் நூலா?”

“ஆமா.”

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“அவர் வந்த அன்னிக்கே.”

நூலை என் முன்னால் போட்டாள். பிறகு, “நல்ல கண்ண அறுக்கறதுக்கு ஏற்பாடு பண்ணிட்டு சோறு துன்னுக்கினு இருக்கீங்க” என்றாள்.

“எப்படி சொல்றதுன்னு தெரியல.”

“மேடையில கூச்சம்னு மூலையில போய் நின்னீங்க. நானும் பாவம்னு இருந்தேன். இதுக்கும் அதே மூலையா?”

மறுநாள் காலை கேட்டில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். பாய் எழுந்தார். சலாம் வைக்க வந்த கையில் அந்த நூலை வைத்தேன். “உங்க கண்ணு நல்லா இருக்குது பாய். என் வெளக்குதான் தப்பு” என்றேன்.

அவர் நூலை வெயிலில் பிடித்தார். வாட்ச்மேன் அறைக்குள்ளே போய் அங்கே எரிந்த அதே வெள்ளை விளக்கின் கீழே பிடித்தார். மறுபடி வெயிலுக்கு வந்தார். மறுபடி உள்ளே போனார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் வெளியே வந்து, “அப்போ என் கண்ணு போவல” என்றார். முகத்தில் சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“எப்ப தெரியும் தம்பி?”

சொன்னேன்.

“எட்டு மாசமா உனக்கு நான் எழுந்து நின்னு சலாம் வெச்சுக்கினு இருந்தேன். நீயும் வாங்கிக்கினு உள்ள போன.”

வாட்ச்மேன் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பனியனோடு நின்று, “வா. அந்தக் கடைக்காரன் என்ன எங்க நிக்கவெச்சு கேட்டானோ அங்க வந்து சொல்லு” என்றார்.

போனோம். கடை முதலாளி எனக்கு நாற்காலி போட்டு காபி வரவழைத்தார். பாய் நின்றுகொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். முதலாளி குரலைத் தாழ்த்தி, “அத விடுங்க சார். வெளக்கு தப்புன்னு வெளிய தெரிஞ்சா, இந்த எட்டு மாசத்துல வித்ததையெல்லாம் வெயில்ல விரிச்சுப் பாத்துட்டுத் தூக்கிக்கினு வருவாங்க. பாய்க்கும் வயசாச்சு. அதான் நீங்களே வேல குடுத்துட்டீங்களே, புண்ணியமா” என்றார்.

என் தருமத்தையே எடுத்து அவர் பாயின் வாயை அடைத்தார். நான் எழுந்து நின்று, “பாய் கண்ணு நல்ல கண்ணு. தப்பு என்னுது” என்று சத்தமாகச் சொன்னேன். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. சேலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “மெதுவா சார், மெதுவா” என்றார் முதலாளி. பாய்க்கு நூல் அனுப்புகிறேன் என்று கடைசி வரை அவர் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பாய் என் வண்டியில் ஏறவில்லை. மறுநாள் ஆபரேஷனுக்கும் போகவில்லை.

வீடு வீடாகப் போய் எல்.இ.டி.யை மாற்றிக் கொடுத்தோம். விளக்கு மாட்டிய எல்லா வீட்டுக்கும் ஒரு நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தேன். பழைய விளக்கில் நிறம் சரியாகத் தெரியாது, ஊடை மாற்றும்போது வாசலில் பார்த்துக்கொள்ளுங்கள், சாயம் போட்டவர் மேல் தவறில்லை என்று என் பேர் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வீட்டார் மட்டும் பாயிடம் நூல் கொடுத்தார்கள். அவர் பட்டறையில் அடுப்பு மறுபடி எரிகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். கழியில் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஒரு நுனியை எடுத்து வெயிலில் பார்த்தார். திருப்தி இல்லாமல் மறுபடி பார்த்தார். முன்பெல்லாம் ஒரு முறை பார்ப்பார், அவ்வளவுதான். இப்போது மூன்று முறை பார்த்தும் பக்கத்தில் இருந்த மகளிடம் நீட்டி, “உனக்கு எப்படி தெரியுது?” என்று கேட்டார்.

நான் கிளம்பும்போது அவருக்குக் கொடுத்திருந்த நோட்டீஸை மடித்து என் கையில் கொடுத்தார்.

“வெளக்கு தப்புன்னு போட்டிருக்க. சரி. அந்த எட்டு மாசம் எங்க?”

நோட்டீஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எழுதாமல் பதினைந்து நாள் தள்ளிப்போட்டேன். அந்த எட்டு மாதத்தை இதில் எழுதியிருக்கிறேன். இதைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி மனைவியிடம் நீட்டப்போவதில்லை, நானே எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுப்பேன். அவர் படித்துவிட்டு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது.

ஆவணி இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை.