எங்கள் ஊருக்கு நாங்கள் அனுப்பிய ஜனநாயகம்

அந்த நாட்களில் நான் தொலைக்காட்சிச் செய்தி பார்க்கும்போது பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நான் கத்துவேன். மத்திய கிழக்கில் எங்கேயோ ஒரு தேர்தல் நடந்திருந்தது. நடத்து, நடத்து என்று நச்சரித்த மேற்கு நாட்டுத் தலைவர்களே, முடிவு வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வென்றவர்களோடு பேச மாட்டார்களாம். உதவியையும் நிறுத்துவார்களாம். "வோட்டுப் போடச் சொன்னதும் நீங்கள், போட்டது பிழை எண்டுறதும் நீங்களோ?" என்று லண்டன் மோர்டனில் என் வீட்டு முன்னறையிலிருந்து நான் கேட்டது அந்தக் கோட்டுச் சூட்டுக் கனவான்களின் காதில் விழவில்லை. மனைவிதான், "சத்தத்தைக் குறையுங்கோ, பக்கத்து வீட்டுக்காரி சுவரில தட்டுறா" என்றாள்.

அதே மாதம் நானும் ஒரு தேர்தலை ஏற்றுமதி செய்திருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலை ஷெல் விழுந்து கூரையில்லாமல் கிடந்தது. போர்நிறுத்தத்தோடு வந்த சமாதான காலத்தின் கடைசி மாதங்கள் அவை. அதைத் திருப்பிக் கட்டித் தருகிறோம் என்று லண்டனில் இருந்த எங்கள் ஊர்ச் சங்கம் சொன்னது. சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் குட்மேய்ஸில் தலைவரின் வீட்டில் கூடி மட்டன் ரோல் சாப்பிடும் பன்னிரண்டு பேர்தான் சங்கம். நான் செயலாளர். எனக்குக் கவுன்சிலில், அதாவது உள்ளூர் நகரசபையில், வேலை. தேர்தல் நாட்களில் வாக்குச் சாவடியில் வோட்டுப் போடும் பென்சிலை யாரும் கொண்டுபோய்விடாமல் நூல் கட்டி வைக்க என்னையும் அனுப்புவார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே சங்கத்தில் நான் தேர்தல் நிபுணன் ஆகிவிட்டேன்.

ஊரில் நிர்வாகக் குழுவை முறைப்படி தெரிவு செய்தால்தான் கட்டடம் என்று நிபந்தனை போட்டோம். "நாலு பேர் கோயில் வீதியில நிண்டு தீர்மானிக்கிற வேலை இனிச் சரிவராது. இந்த நாட்டைப் பாத்துப் பழகட்டும்" என்றார் தலைவர். கைதட்டினோம். யாப்பை, அதாவது குழுவின் விதிகளை, எழுதும் பொறுப்பு எனக்கு. ஊரில் வசிக்கும் பதினெட்டு வயது நிரம்பிய எவருக்கும் ஒரு வோட்டு, அதுவும் ரகசிய வோட்டு. கவுன்சில் குடியிருப்போர் சங்கம் ஒன்றின் விதிகளைப் பார்த்துத்தான் எழுதினேன் என்றாலும், தட்டெழுதும்போது எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். நான் விதி எழுதியது, நாங்கள் எல்லோரும் இன்னும் குடியிருக்கிற ஊருக்கு. அப்படி ஓர் ஊர் இப்போது கிடையாது. எங்கள் ஆட்கள் லண்டனிலும் டொரன்டோவிலும் பாரிஸிலும் இருந்தார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் பூட்டுத் தொங்கியது. மிஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலானோர், வெளிநாடு போவதற்கு விற்கக் காணி இல்லாத தெற்குப் பக்கத்துச் சனங்கள். ஒரு காலத்தில் அவர்களை வாசிகசாலைக்குள் விட்டதில்லை. உள்ளே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, முற்றத்தில் நின்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். அப்படி நிற்கவைத்தவர்கள் வேறு யாருமல்ல, எங்கள் அப்பாமார்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நாங்கள் இருந்தபோது முடிவு போனில் வந்தது. தலைவராக வென்றவர் தெற்குப் பக்கத்துப் பாலர் பாடசாலை ஆசிரியை. குழுவில் மற்ற ஆறு பேரும் அந்தப் பக்கம்தான்.

"ஆற்றை பிள்ளையாம் அவ?" என்று கேட்டார் பொருளாளர். எங்கள் ஊரில் அது அப்பாவின் பெயரை அறிவதற்காகக் கேட்கும் கேள்வி அல்ல. "தெற்குப் பக்கம்" என்றேன். ரோலைக் கடித்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. படித்தவர்கள் அல்லவா!

"தேர்தல் முறையா நடந்ததோ எண்டு எனக்கொரு சந்தேகம்" என்றார் ஒருவர். "சனம் இன்னும் பக்குவப்படேல்லை" என்றார் இன்னொருவர். "அனுபவம் இல்லாத ஆக்களிட்ட கட்டடத்தைக் குடுக்கேலாது" என்று தலைவர் முடித்துவைத்தார். எல்லாம் எனக்கு நன்றாகப் பழகிய வசனங்கள். இரண்டு நாளுக்கு முன்புதான் தொலைக்காட்சியில் கேட்டுக் கத்தியிருந்தேன்.

முடிவை ரத்துச் செய்வது, சங்கம் ஏற்றுக்கொள்ளும் ஆட்களை நிறுத்தி மறுதேர்தல் வைப்பது என்று தீர்மானம் வந்தது. ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம். பதினொரு கைகள் உயர்ந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மகளின் கலியாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் சம்பந்தி வீட்டார். என் கை தானாக உயர்ந்தது என்று எழுதத்தான் ஆசை. நான்தான் உயர்த்தினேன்.

கடிதத்தையும் நானே எழுதினேன். "ஜனநாயக விழுமியங்களை உறுதிப்படுத்தும் பொருட்டு" என்று தொடங்கியிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் போன் அடித்தது. "அண்ணை, ஊரில இருந்து கதைக்கிறன். உங்கட கடிதம் கிடைச்சது." அந்த ஆசிரியைதான். திட்டப் போகிறார் என்று நினைத்து, விதி, உபவிதி எல்லாம் நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"எங்கட தேர்தலில என்ன பிழை நடந்தது அண்ணை? சொன்னீங்கள் எண்டால் திருத்தலாம்."

நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

"எல்லாத் தரப்பும் பங்குபற்றேல்லை, பிள்ளை" என்றேன்.



"அப்ப வாங்கோ அண்ணை. உங்கட வீடுகள் எல்லாம் அப்பிடியே கிடக்கு. வந்து திறந்து இருங்கோ. வோட்டுப் போட்டு எங்களைத் தோக்கடியுங்கோ. நாங்களே வாசிகசாலைப் பூட்டின்ர திறப்பைக் கொண்டுவந்து உங்கட கையில தாறம்."

ஊருக்குத் திரும்பிப் போகும் எண்ணம் எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனால், அந்த ஊரை இன்னொருவர் கையில் விடவும் மனம் வரவில்லை. இதை அவருக்கு எந்த வாயால் சொல்வது?

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

"ஓம் அண்ணை, அவசரமில்லை, ஆறுதலா யோசியுங்கோ" என்றார் அவர், மரியாதை குறையாமல். "நாங்கள் இஞ்சதான் இருப்பம்."