சுற்றாத காற்றாடியும் என் நாற்காலியும்

பேட்டர்ன் ரூமில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டரை யார் ‘கிழடு’ என்று சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். சொல்கிறவர்களுக்கு அதில் ஒரு செருப்புக்குக்கூட அளவு போடத் தெரியாது. ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் தோலை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று கட்டிங் மெஷினுக்குச் சொல்வது அந்தக் கம்ப்யூட்டர். அதற்குச் சொல்வது நான்.

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் பேஸ்டிங் டேபிளில் இருந்தேன். தோல் துண்டுகளின் ஓரத்தில் பிரஷ்ஷால் ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. சாயங்காலம் எங்கள் ஊர் விரிஞ்சிபுரத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது தலை விண்விண்ணென்று தெறிக்கும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்த பிறகும் என் மகள் பக்கத்தில் படுக்க மாட்டாள். "நாறுதும்மா" என்பாள். நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு மாடியில் இருக்கும் பேட்டர்ன் ரூமுக்குப் போன பிறகுதான் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். அதனால் அந்த நாற்காலியை நான் சும்மா விட்டுக்கொடுப்பேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

போன சித்திரை வெயிலில் ஒரு நாள் கம்ப்யூட்டர் நின்றது. போட்டதும் கீக்கீக்கென்று கத்தியது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: உள்ளே பிராசசரைக் குளிர வைக்கிற காற்றாடி சுற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிட்டது.

மறுநாள் காலை சென்னையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க, என்னைத் தாண்டி மேனேஜரிடம், "ஆபரேட்டர் யாரு சார்?" என்று கேட்டார்.

"இவங்கதான். பேஸ்டிங்ல இருந்து வந்தவங்க" என்றார் மேனேஜர்.

இன்ஜினியர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

பெட்டியைத் திறந்தார். பழைய காற்றாடியைப் பிடுங்கிவிட்டுப் புதியது ஒன்றை மாட்டினார். அதுவும் சுற்றவில்லை. நின்ற நிலையிலேயே, "மதர்போர்டு போச்சு சார். இந்த மாடலுக்கு இப்ப போர்டு கிடைக்காது" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். புதுக் காற்றாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பத்தரை மணிக்கே கிளம்பிவிட்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "பேட்டர்ன இனிமே சென்னை ஆபீஸ்லயே போட்டு அனுப்பட்டும். ஏம்மா, நீ நாளைல இருந்து பழையபடி பேஸ்டிங்குக்கு வந்துடு. ரெண்டு மணிக்குத் தோல் கழிவு ஏத்துற வண்டி வரும், இந்தப் பொட்டியும் அதுலயே போகட்டும்."

"ரெண்டு மணி வரைக்கும் நான் பாக்குறேன் சார்."

"இன்ஜினியரே சொல்லிட்டாரு. நீ இன்னா பாக்கப் போற?"

"கண்ணு இருக்குது சார். பாக்குறேன்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

பழைய காற்றாடியை விரலால் சுண்டினேன். தடையில்லாமல் சுற்றியது. போர்டின் ஓரத்தில், பெட்டிக் காற்றாடிக்கென்று இன்னொரு சாக்கெட் சும்மா இருந்தது. அதில் மாட்டி கரண்ட் கொடுத்தேன். விர்ரென்று ஓடியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காற்றாடியும் நன்றாக இருக்கிறது, போர்டிலும் உயிர் இருக்கிறது. ஆனால் அங்கேயே விட்டுவிட முடியாது. தன் சொந்த சாக்கெட்டில் காற்றாடி சுற்றினால்தான் இந்தக் கம்ப்யூட்டர் நம்பும், இல்லையென்றால் மறுபடியும் கத்திவிட்டு அணைந்துவிடும். ஆகக் கோளாறு அந்த ஒரு சாக்கெட்டில்தான்.

கரண்டை நிறுத்திவிட்டு, செல்போன் டார்ச்சை அடித்து, மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். சாக்கெட்டின் கம்பிகள் மேல் மஞ்சளாக மெல்லிய ஏடு படிந்திருந்தது. தொட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை. பன்னிரண்டு வருடம் பார்த்த நிறம் அது.

ரப்பர் சொல்யூஷன். அதைத் தடவியவள் நான்தான்.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் அந்தச் சாக்கெட்டின் பிடி உடைந்து ஒயர் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனியில் எது உடைந்தாலும் கை சொல்யூஷன் டப்பாவுக்குத்தான் போகும். சாப்பாட்டு டப்பா மூடி, கண்ணாடிக் காது, சாமி படம் எல்லாம் ஒட்டியாகிவிட்டது. இதையும் ஒரு சொட்டு வைத்து ஒட்டினேன். சித்திரைச் சூட்டில் அது இளகி, கம்பிகள் மேல் வழிந்து மூடிவிட்டிருக்கிறது. பேஜாராகிவிட்டது. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

கீழே பேஸ்டிங் டேபிளுக்கு ஓடினேன். அங்கே என் பழைய இடத்துக்குப் பக்கத்தில் உட்காரும் அக்கா எனக்காக ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டியாடி?" என்றாள்.

"வர்லக்கா. தேய்க்கிற ரப்பர குடு."

ஓரத்தில் வழிந்த பசையை உருட்டி எடுக்க நாங்கள் வைத்திருக்கும் ரப்பர் கட்டி அது. ஒரு மூலையை பிளேடால் கூராக வெட்டிக்கொண்டு மேலே ஏறினேன். காய்ந்த பசையை எப்படி எடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அழுத்தக் கூடாது, ஒரே பக்கமாக உருட்ட வேண்டும். கம்பிகளுக்கு நடுவில் ஊசி முனையால் கிளறினேன். ஒவ்வொரு கம்பியும் பளபளவென்று வெளியே வந்தது. பழைய காற்றாடியைத் திரும்ப வைத்து அதன் ஒயரை மாட்டி, ஆடாமல் இருக்க இந்த முறை நூலால் கட்டினேன்.

கரண்ட் கொடுத்தேன். காற்றாடி சுற்றியது. கத்தல் இல்லை. என் பேட்டர்ன்கள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

இரண்டு மணிக்கு மேனேஜர் சுமை தூக்குகிற ஆட்களோடு வந்தார். திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "இன்னா ஆச்சு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு வராது. "சொல்யூஷன் சார். நான்தான் ஒட்டுனேன். உருகி கம்பிய மூடிட்டுது."

"அப்போ கெடுத்ததே நீதானா?"

"ஆமா சார். கெடுத்தவ நான். கண்டுபிடிச்சவளும் நான், சரி பண்ணவளும் நான். உங்க இன்ஜினியர் குனிஞ்சுகூட பாக்கல."

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கீழ உனக்கு டேபிள் சொல்லிட்டேனேம்மா" என்றார், குரல் இறங்கியிருந்தது.

"கீழ நான் வரமாட்டேன் சார். இன்னைக்கு இன்னா சைஸ் வேணும், சொல்லுங்க."

மேனேஜர் ஆட்களைக் கீழே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு அவர் சைஸைச் சொன்னார். வண்டி தோல் துண்டுகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.