காரணம் எழுதாத காத்திருப்பு

எனக்கு எதையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கி ஆட்டிப் பார்ப்பேன். கண்டக்டர் 'ஏறுங்க, இப்ப எடுத்துருவோம்' என்றால் டிரைவர் எங்கே என்று தேடுவேன். வீட்டில் இதைக் குணக்கேடு என்கிறார்கள். என் வேலையில் இதற்குக் கவனம் என்று பெயர். கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, சின்னச் சின்னக் கருவிகளுக்குள் ஓடும் இயங்குதளத்தின் கெர்னலை, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து வேலை வாங்கும் பகுதியை, சீர்செய்து கொடுப்பது என் பிழைப்பு.

போன வருஷம் நெட்வொர்க் இணைப்பை மூடும் கோட் என்னிடம் வந்தது. இரண்டு கருவிகள் பேசி முடிக்கும்போது, ஒன்று 'என் பேச்சு முடிந்தது' என்று சொல்ல வேண்டும். மற்றது அதைக் கேட்டுக்கொண்டு, தன் பேச்சும் முடிந்ததென்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் மூடலாம். இந்த ஒரு காரியத்தை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதி வைத்திருந்தார்கள். நாம் முதலில் முடித்தால் ஒன்று, எதிர்ப்பக்கம் முதலில் முடித்தால் ஒன்று, பேசவைத்த புரோகிராமே முடிந்துபோனால் இன்னொன்று. மூன்றையும் ஒன்றாக்கும்படி சொன்னார்கள்.

மூன்றாவது இடத்தில் மட்டும் ஒரு காத்திருப்பு இருந்தது. உடனே மூடாமல் சில நொடி நிற்கும். ஏன் என்று ஒரு வரி குறிப்பில்லை. எழுதியவர் வேலையை விட்டே போய்விட்டார். முகம் தெரியாத அந்த ஆள் மேல் எனக்குச் சந்தேகம். ஏதோ பிழை வந்திருக்கும், காரணம் தேட உடம்பு வணங்காமல் நாலு நொடி நிறுத்திப் பார்த்திருப்பார், சரியாகியிருக்கும், அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். எங்கள் தொழிலில் இந்தப் பித்தலாட்டம் சகஜம். அந்தக் காத்திருப்பைத் தூக்கிப் போட்டேன். மாடியில் எல்லாச் சோதனையும் தேறியது. கோட் பாதியாகச் சுருங்கியதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

புதிய கெர்னலை முதலில் ஏற்றியது நாமகிரிப்பேட்டையில் என் அண்ணனின் கோழிப்பண்ணையில். ஷெட்டில் சூடு ஏறினால் அவர் போனுக்கு மெசேஜ் அனுப்பும் பெட்டி அங்கே இருந்தது. நான்தான் மாட்டிக் கொடுத்திருந்தேன். சித்திரை வெயிலில் மெசேஜ் வந்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் தெளிக்கும் குழாயைத் திறந்துவிட்டால் கோழி பிழைக்கும். தாமதித்தால் வாயைப் பிளந்து சாயும்.

ஒரு நாள் காலையில் அண்ணன் கூப்பிட்டார். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் போனில் பேசும் விதமே தனி. வெயில், சாப்பாடு, யார் வீட்டிலோ காதுகுத்து எல்லாம் பேசித் தீர்த்து, "செரி அம்மிணி, வெச்சரட்டா?" என்று போனை வைக்க அனுமதி கேட்ட பிறகுதான் கூப்பிட்ட விஷயமே வாயில் வரும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. 'வெச்சரட்டா' என்றதும் துண்டித்துவிடுவேன். அன்றும் துண்டித்தேன். மறுபடியும் கூப்பிட்டார்.

"ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேன். நேத்து மத்தியானம் ஷெட்டுல ஒரு வரிசைக் கோழி போயிருச்சு."

"மெசேஜ் வந்துருக்குமேங்ணா? போனப் பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒண்ணும் வரலியே."

என் திரையில் பெட்டியின் பதிவைத் திறந்து பார்த்தேன். அனுப்பியாயிற்று என்று இருந்தது. "பொட்டி அனுப்பீருக்குதுங்ணா. நீங்க தூங்கியிருப்பீங்க" என்றேன். சாப்பிட்டதும் சாய்கிற ஆள்தான் அவர் என்ற நினைப்பு எனக்கு.

"கண்ணசந்துட்டனாட்ட இருக்குது. என்ற தப்புத்தான், உடு சாமி" என்றார். ஊரையே நம்பாத நான் என் கோட்டை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பியிருந்தேன்.

பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். 'வெச்சரட்டா' வந்தது, துண்டித்தேன், திரும்ப மணி அடித்தது.

"இப்பல்லாம் மத்தியானம் படுக்கறதே இல்லம்மிணி. ஷெட்டு வாசல்ல சேரப் போட்டுப் போனக் கையில புடிச்சுட்டு உக்காந்துக்கறேன். என்ற கண்ணு மேலயே எனக்கு நம்பிக்க போயிருச்சு."

போனை வைத்த பிறகும் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவையும் அவர் விஷயம் வருவதற்குள் நான் துண்டித்திருக்கிறேன். காத்திருப்பைத் தூக்கிய அந்த மூன்றாவது இடம் ஞாபகம் வந்தது. பெட்டியிடமிருந்து மெசேஜை வாங்கி அவர் போனுக்கு அனுப்பும் சர்வரில் போய்த் தேடினேன். அந்த மத்தியானம் அங்கே மெசேஜ் எதுவும் வந்து சேரவில்லை. புரோகிராம் மெசேஜைக் கெர்னல் கையில் கொடுத்து, அனுப்பியாயிற்று என்று எழுதிவிட்டு முடிந்துபோயிருக்கிறது. பண்ணையில் டவர் சரியாகக் கிடைக்காது. மெசேஜ் மெதுவாகப் போய்ச் சேரத்தான் அந்த நாலு நொடி. என் கோட் மெசேஜைக் கையில் வைத்தபடியே இணைப்பை மூடியிருக்கிறது.

காத்திருப்பைத் திரும்ப வைத்தேன். ஏன் என்று மூன்று வரி எழுதினேன். சோதித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பிறகு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"நீங்க தூங்கலீங்ணா. மெசேஜ் வரவேயில்ல. நான் ஒண்ண எடுத்துப் போட்டதுல வந்த வென."

"அப்ப நான் முழிச்சுட்டுத்தான் இருந்தனா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆமாங்க என்றேன்.

"செரி அம்மிணி, வெச்சரட்டா?"

நான் துண்டிக்கவில்லை. கோழிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இனி நானே பாத்துக்கலாம்னு உன்ற பொட்டிய நேத்தே கழட்டிச் சாக்குல போட்டுட்டேன்" என்றார். "மறுக்கா மாட்டறதுன்னா நீயே வந்து மாட்டு. ஒரு மத்தியானம் என்றகூட ஷெட்டு வாசல்ல உக்காரு. மெசேஜ் வருதான்னு ரெண்டு பேருமாப் பாப்போம்."

"வாரனுங்ணா" என்றேன். இன்னும் ஏதாவது சொல்வாரோ என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.