கூண்டுக்குப் பழகிய நாய்

என் தம்பி இறந்த பிறகு அவன் வளர்த்த நாயை நான்தான் கேளம்பாக்கத்துக்குக் கொண்டுவந்தேன். விடியற்காலையில் ஐஸ் வாங்க பைக்கில் போனவனை ஈசிஆர் ரோட்டில் ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. காரியம் முடிந்ததும் அவன் மனைவியையும் கைக்குழந்தையையும் அவளுடைய அண்ணன் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனார். நாயை வண்டியில் ஏற்ற அவர் சம்மதிக்கவில்லை. தம்பி இருந்த மீனவக் குப்பத்தில் யார் சோறு வைத்தாலும் அது தொடவில்லை. கரையேற்றிய படகின் கீழே படுத்துக்கொண்டு, கிட்டே போனவர்களைப் பார்த்து உறுமியது. என்னை மட்டும் கழுத்தில் கயிறு போட விட்டது.

நாளெல்லாம் மணலில் ஓடி வளர்ந்த நாட்டு நாய். எங்களுடையது இரண்டாவது மாடியில் ஒரு சின்ன ஃப்ளாட். நான் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறேன். கணவர் ஐ.டி. கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். நாங்கள் கதவைச் சாத்தியதுமே ஊளை ஆரம்பித்துவிடும். கதவின் அடிப்பலகையைக் கடித்துத் துப்பியது. திரும்பி வரும்போது அது நிற்கிற இடமெல்லாம் எச்சில் குளமாக இருக்கும்.

அப்பார்ட்மெண்ட் செக்ரட்டரி வீட்டுக்கே வந்தார். "பசங்க பரீட்சைக்குப் படிக்கிறாங்கம்மா. கேட்டா கல்யாண வூட்ல எழவு வுழுந்த மாதிரி கீது. எதுனா பண்ணுங்க, இல்லன்னா கொண்டுபோய் வுட்டுருங்க."

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா அதன் கண்ணைப் பார்த்தே சொல்லிவிட்டார். "தனியா இருக்க பயப்படுது. தெம்பு வேற ஜாஸ்தி. காலைல நல்லா ஓட வுடுங்க. அப்புறம் கூண்டு பழக்குங்க. அது தானா போய்ப் படுக்கணும். அவசரப்பட்டுப் பூட்டிடாதீங்க, எல்லாம் கெட்டுடும்."

கம்பிக் கூண்டு ஒன்று வாங்கி ஹால் மூலையில் வைத்து, மேலே பழைய போர்வையைப் போட்டேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் கயிற்றால் கட்டினேன். தினமும் காலையில் கணவர் அதைக் கோவளத்துக்கு அழைத்துப் போய் ஓடவிட்டு, நாக்குத் தொங்கக் கொண்டுவருவார். நான் கூண்டுக்குள் நெத்திலிக் கருவாடு போடுவேன். முதலில் தலையை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு ஓடியது. பிறகு முன்னங்கால். பிறகு முழு உடம்பும் உள்ளே போனது. அது தின்கிற நேரம் மட்டும் கதவைச் சாத்தி, முனகுவதற்கு முன்பே திறந்துவிடுவேன். ஒரு மதியம் உள்ளேயே தூங்கிவிட்டது. தம்பி போன பிறகு அது கால் நீட்டித் தூங்கி அன்றுதான் பார்த்தேன்.

அந்த வாரத்திலேயே எல்லாம் கெட்டது. நான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். கணவருக்கு திடீரென்று வண்டி எடுக்கச் சொல்லி போன் வந்திருக்கிறது. நாயைக் கூண்டுக்குள் விட்டு, கொண்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் நான் மாடி ஏறும்போது சத்தமே இல்லை. கதவைத் திறந்ததும் எங்கள் கிளினிக்கில் வருகிற அதே ரத்த வாடை. கூண்டு மூலையிலிருந்து ஹாலின் நடுவுக்கு நகர்ந்திருந்தது. கம்பிகள் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. கோரைப்பல் ஒன்று பாதியாக உடைந்து, ஈறு கிழிந்து தொங்கியது. முன்னங்கால் நகங்கள் பிய்ந்திருந்தன. தன் மூத்திரத்திலேயே படுத்திருந்தது. நான் கொண்டியை எடுத்த பிறகும் வெளியே வரவில்லை. நடுங்கக்கூட இல்லை.

கணவர் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கொஞ்ச நேரம் கத்திகினு கெடக்கும், அப்புறம் அடங்கிடும்னு நெனச்சேன்."

"அடங்கிடுச்சி" என்றேன்.

அவர் வாளியில் தண்ணீர் எடுத்துவந்து தரையைக் கழுவினார். கம்பிகளில் ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பல்லின் மிச்சத்தை ஆஸ்பத்திரியில் பிடுங்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நாய் ஹாலுக்கே வர மறுத்தது. அடுப்படியில், சிலிண்டருக்குப் பின்னால் கிடந்தது. நான் கூண்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். கணவர் கேட்கவில்லை. கெஞ்சிக் கேட்டு இரவு டிரிப்புக்கு மாற்றிக்கொண்டு, பகலெல்லாம் வீட்டில் இருந்தார். கூண்டின் கதவையே கழற்றி எடுத்துவிட்டு, அதன் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். கருவாட்டைப் பின்பக்கமாக நீட்டிய கையில் வைத்திருப்பார். நாய் வருகிறதா என்று திரும்பிப் பார்க்கமாட்டார். ஒரு நாள் நான் வரும்போது அவர் தோள் வரைக்கும் கூண்டுக்குள் போய்ப் படுத்திருந்தார். நாய் அவர் இடுப்பை முகர்ந்துகொண்டிருந்தது.

மழைக்காலம் முழுவதும் போயிற்று. மெல்ல மெல்ல உள்ளே படுக்க ஆரம்பித்தது. கதவை மறுபடி மாட்டினோம், ஆனால் சாத்தவே இல்லை. இப்போது நாங்கள் செருப்பைப் போட்டாலே அது எழுந்து தானாக உள்ளே போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். ஊளை நின்றுவிட்டது. "நல்லா பழக்கிட்டீங்களே" என்று செக்ரட்டரி லிஃப்டில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பியின் வருஷத் திதிக்குக் குப்பத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அவன் மனைவி குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாய் வெளியே வந்து அவள் புடவையை முகர்ந்தது. குழந்தையின் காலை முகர்ந்தது. பிறகு அவர்களைத் தாண்டிப் போய், திறந்திருந்த வாசலில் நின்று படிக்கட்டை வெகுநேரம் பார்த்தது. யாரும் வரவில்லை. திரும்பி வந்து கூண்டுக்குள் படுத்துக்கொண்டது.

"என்னிய மறந்துடுச்சா அண்ணி?"

"மறக்கலம்மா. உன் பின்னாடி வேற யார்னா வராங்களான்னு பாத்துச்சி."

அவள் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இதுக்குன்னு ஒரு எடம் குடுத்துட்டீங்க" என்றாள். "அங்க அண்ணன் வூட்ல நாங்க ஹால்ல படுக்கிறோம். அண்ணிகாரி சொந்தம் யார்னா வந்துட்டா, பாயச் சுருட்டிகினு மாடிப்படிக்குக் கீழ போவணும். கொழந்த அழுதா அண்ணன் டிவி சத்தத்த ஏத்துவாரு."

அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த கணவர் அங்கிருந்தே சொன்னார். "இங்கயே இரும்மா. உள் ரூம எடுத்துக்க."

"அண்ணன் வுடமாட்டாருண்ணா. நாலு பேரு இன்னா சொல்லுவாங்கன்னு ஆடுவாரு."

டீயைக் குடித்துவிட்டு, இருட்டுவதற்கு முன்பே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். கணவர் சொன்னதை இன்னும் நாங்கள் திரும்பப் பெறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் செய்கிறேன். நல்லாதான் இருக்கிறேன் என்கிறாள். பக்கத்தில் யாரோ இருப்பது போல, எப்போதும் அடிக்குரலில்தான் பேசுகிறாள்.