மரணக் கிணற்றில் ஓடியவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பாரிசுக்கு அருகே சார்செலிலிருந்து மலர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, இவர் காலமை மோசம் போயிட்டார்" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இறந்துவிட்டார் என்பதை அப்படித்தான் சொல்வார்கள். அவர்களோடு பழகத் தொடங்கிய புதிதில் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால், அவரை ஏமாற்றியது யார் என்று கேட்டிருப்பேன். எங்கள் புதுச்சேரியில் மோசம் போவதென்றால் ஏமாந்து போவது. இப்போது நான் எதுவும் கேட்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிய, நின்ற இடத்திலேயே அழுதேன்.

மலரின் கணவர் யோகராசா அவர்களை பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பலருக்குத் தெரியும். பஸ் ஓட்டிய யோகண்ணை என்றால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அதற்கு முன் அவர் யாராக இருந்தார் என்பது சிலருக்கே தெரியும். அதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. ஏனென்றால் அதை ஒரு முறை தப்பாகச் சொல்லி, அவர் வாழ்க்கையைக் கெடுத்துவிட இருந்தவன் நான்.

இலங்கையில் ஒரு சண்டை ஓய்ந்து அடுத்த சண்டை மூளும் வரையிலான இடைவெளிகளில், கார்னிவல் குழுக்கள் லொறிகளில் ஊர் ஊராகப் போகுமாம். அதில் கூட்டம் அள்ளுவது மரணக் கிணறு. பலகைகளை நிறுத்தி வட்டமாகக் கட்டிய, மூன்று ஆள் உயரச் சுவர். உள்ளே மோட்டார் சைக்கிளில் சுற்றிச் சுற்றி, சுவரில் படுத்தாற்போல் மேலே ஏறுவார்கள். சனம் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும். யோகராசா உச்சிக்கு வந்ததும் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு விரிப்பார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் முன்சக்கரத்தின் கீழ் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது அவர் வழக்கம். அவர் பேச்சில் அது தேசிக்காய்.

குழுவின் முதலாளி சிங்களவர். தெற்கிலும் வடக்கிலும் ஆட்டம் நடக்கும். சண்டை திரும்பியபோது அதுவே யோகராசாவுக்கு வினையாயிற்று. இரண்டு பக்கமும் போய்வந்தவன் என்ன சேதி கொண்டுபோனாய் என்று இரண்டு பக்கமும் கேட்டது. நான்கு மாதம் ஒரு இராணுவ முகாமில் அடைபட்டுக் கிடந்து, பிறகு பிரான்சுக்கு வந்து சேர்ந்தார்.

அகதி விண்ணப்ப விசாரணையில் அவருக்கு வாய்த்த மொழிபெயர்ப்பாளன் நான். பதினோரு வயதில் புதுச்சேரியை விட்டவன். பொருட்காட்சி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் தமிழ் எனக்குத் தெரியாதா என்ற திமிர் நிறைய இருந்தது.

"உங்களை ஏன் பிடித்தார்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"நான் மரணக் கிணத்திலை ஓடினனான். அதாலைதான் பிடிச்சவை."

யாழ்ப்பாணத்தில் வண்டியை 'ஓடுவார்கள்'. எங்களுக்கோ ஓட்டுவது வேறு, ஓடுவது வேறு. நான் கொஞ்சமும் யோசிக்காமல், சாகக் கூடிய ஒரு கிணற்றுக்குள் ஓடி ஒளிந்தேன் என்று பிரெஞ்சில் சொன்னேன். ஒளிந்தேன் என்பது என் சொந்தச் சரக்கு.

"எவ்வளவு காலம்?"

"எட்டு வருஷம். ஒரு நாளைக்கு ஆறு தரம்."

அதிகாரியின் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். நானும் தோளைக் குலுக்கினேன். பாவம், சித்திரவதையில் மனம் பேதலித்துவிட்டது போலும் என்று நினைத்தேன். திருப்பிக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்திருக்கும். கேட்கவில்லை. நம்பத்தகாத வாக்குமூலம் என்று அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

சில மாதங்கள் கழித்து, லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால், பாத்திரம் கழுவும் இடத்தில் அவர். வட்டமான பெரிய அலுமினியச் சட்டியைக் கையில் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு எலுமிச்சம்பழம் விளிம்பை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடியது. "இப்பிடித்தான் ஓடினனான். மோட்டச்சைக்கிள் எங்கடை காலுக்குள்ளை, கீழை வெறும் நிலம்" என்றார்.

அவர் சொன்ன ஓட்டம் எதுவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எழுந்து போய், அத்தனை பேர் முன்னாலும் நான் செய்ததைச் சொன்னேன். சட்டி நின்றது. பழம் நடுவில் வந்து விழுந்தது.

"அப்ப, நான் கிணத்துக்கை ஒளிச்சனான் எண்டோ எழுதிக் கிடக்கு?"

"ஆமாம்."

"எட்டு வருஷம் ஒளிச்சனான் எண்டு?"

அவர் முகத்தில் நான் கண்டது திருப்பி அனுப்பப்படும் பயமல்ல, அவமானம். "முசே, நீங்கள் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றார், அந்நியரை அழைக்கும் பிரெஞ்சு 'ஐயா' போட்டு. மறுபடியும் பாத்திரம் கழுவத் திரும்பிவிட்டார்.

அன்றே என் பிழையை எழுதிக் கையொப்பமிட்டு அவருடைய வழக்கறிஞரிடம் கொடுத்தேன். அதன் பிறகு மொழிபெயர்க்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை, அதில் நியாயம் உண்டு. ஆனால் என் கடிதம் மட்டும் போதாது, மேல்முறையீட்டில் அவரே பேச வேண்டும். அதுவும் தோற்றால் அவர் கொழும்புக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

விசாரணை நாளில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்க எனக்கு அனுமதி இல்லை. மொழிபெயர்க்க வந்தவர் சென்னைப் பெண். அவருக்கும் என்னைப் போலவே ஓடுவது வேறு, ஓட்டுவது வேறு.

"கிணற்றில் என்ன செய்தீர்கள்?" என்று நீதிபதி கேட்டார்.

"நான் மரணக் கிணத்திலை ஓடி..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைத் தேடிப் பார்த்தார்.  

"மோட்டார் சைக்கிள் ஓட்டினேன்" என்றார், எங்கள் ஊர்த் தமிழில், எழுத்துக்கூட்டுவது போல. "ஓட்டினேன். சுவரிலே."

அந்தப் பெண் சரியாகச் சொன்னார். நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். கையை விட்டுவிட்டு ஓட்டினால் பயமாக இருக்காதா என்று கேட்டார்.

"பயம்தான். ஆனால் அங்கை எங்கை பாக்கோணும் எண்டு தெரியும். கீழையும் பாக்கக்கூடாது, சனத்தையும் பாக்கக்கூடாது, முன்னாலை வாற பலகையைப் பாக்கோணும். இஞ்சை வந்த நாள் தொட்டு எங்கை பாக்கிறதெண்டு தெரியேல்லை."

அந்தப் பெண் ஒரு சொல்லும் விடாமல் அதைப் பிரெஞ்சில் சொன்னார். மூன்று வாரத்தில் யோகராசாவுக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. எனக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னபோதுதான் அவர் என்னை முதல் முறையாக அண்ணை என்றார். மன்னித்தேன் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பிறகு மலர் வந்தார், மகள் பிறந்தாள், அவர் பஸ் சாரதியானார். நான் வசிக்கும் பொண்டி வழியாகத்தான் அவருடைய பஸ் போகும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். கம்பனி பஸ்ஸின் கீழ் வைத்து நசுக்க முடியாதல்லவா. நான் ஏறினால், "அண்ணை, இதையும் ஓடி ஒளிச்சான் எண்டு எழுதிப்போடாதேங்கோ" என்பார். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று குத்தும். அதற்காகவே அந்த பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏறுவேன்.

வெள்ளிக்கிழமை தகனம். அவரோடு வேலை செய்த பிரெஞ்சுக்காரர்கள் சீருடையில் வந்திருந்தார்கள். பெட்டியை மூடுமுன் மலர் அவர் கையில் ஒரு தேசிக்காயை வைத்தார். பிறகு பேச எழுந்தார். மகளுக்குத் தமிழ் அவ்வளவு வராது. என்னிடம் வந்து, அம்மா பேசுவதைப் பிரெஞ்சில் சொல்ல முடியுமா என்று கேட்டாள். என் பழைய கதை அவளுக்குத் தெரியாது. மலருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இவர் எட்டு வருஷம் கிணத்திலை ஓடினவர். இஞ்சை இருவது வருஷம் பஸ் ஓடினவர். ஒருநாளும் ஒளிச்சவரில்லை."

 பிரெஞ்சில் சொல்லுமுன் மலரிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "ஓடினவர் என்றால் வண்டி ஓட்டியவர் என்றுதானே?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை" என்றார்.

பிறகுதான் பிரெஞ்சில் சொன்னேன். சீருடைக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெட்டி நகர்ந்தது.

யோகராசா, இந்த முறை கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். முன்னால் வரும் பலகையைப் பார்த்து, கையை விரித்து, ஓடுங்கோ.