பிளைவுட் பீம்

எலக்ட்ரீஷியனாக முப்பது வருஷம் வேலை செய்துவிட்டேன். கரண்ட் அடித்து இரண்டு முறை கீழே விழுந்திருக்கிறேன். ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் ஒரு வீட்டு ஹாலில் பயந்ததுபோல் அப்போதுகூடப் பயந்ததில்லை.

அது காஞ்சனாம்மா வீடு. பின்பக்கம் பவர்லூம் ஓடும். மகள் நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைக்க ஆசைப்பட்டு, ஹாலையும் பக்கத்து அறையையும் ஒன்றாக்கும்படி ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டிருந்தார்கள். அவரை நாங்கள் மேஸ்திரி என்போம். எனக்கு வயரிங் வேலை கொடுப்பவரும் அவர்தான். நான் போனபோது நடுச்சுவர் இல்லை. அது இருந்த இடத்தில் மேலே ஒரு பீம், பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து அழகாக இருந்தது.

ஃபேன் கிளாம்ப் மாட்ட அந்த பீமில் ட்ரில் வைத்தேன். கான்கிரீட் என்றால் தோள்வரை அதிரும். இது வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இறங்கியது. முகத்தில் விழுந்தது சிமென்ட் தூள் இல்லை, மரத்தூள். ஓட்டைக்குள் டெஸ்டரை விட்டேன். எதிலும் இடிக்கவில்லை. பிளைவுட்டில் பெட்டி அடித்து மேலே பூசியிருந்தார்கள். மாடியைத் தாங்கிய சுவரை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக எதுவுமே கொடுக்கவில்லை. மாடியில் நூல் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

ஏணியில் நின்றபடியே மேஸ்திரிக்கு போன் போட்டேன்.

“பீம் உள்ள ஒண்ணுமே இல்லியேண்ணா?”

“அந்தம்மா பீம் எங்க, பீம் எங்கன்னு கேட்டுக்கினே இருந்துச்சி. வச்சிட்டேன். ஏமி காதுய்யா, ஒண்ணும் ஆவாது. ஏழு வூட்ல இப்டித்தான் பண்ணிக்கிறேன், எதுனா ஆச்சா? நீ வயரிங்க பாரு.”

ஏழு வீடு. அதில் மூன்றுக்கு, இதேபோல் சுவர் எடுத்த பிறகு வயரிங் செய்தவன் நான்.

கீழே இறங்கியபோது காஞ்சனாம்மா டீ கொண்டுவந்தார்.

“இன்னாண்ணா, வேலய நிறுத்திட்ட?”

“மேல யாரும்மா கீறாங்க?”

“எங்க அத்தையும் பொண்ணும்.”

“கீழ கூப்டும்மா. தறிய நிறுத்தச் சொல்லு. எல்லாரும் வெளிய போய்டலாம்.”

அவர் காரணம் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். தெருவுக்கு வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். திறந்த வாசல் வழியாக ஹாலை எட்டிப் பார்த்தார். பிறகு, “நேத்து அதுக்குக் கீழதான் எல்லாரும் ஒக்காந்துகினு துன்னோம்,” என்றார்.

புத்தூரிலிருந்து சென்ட்ரிங் ஆட்கள் வந்து இரும்பு ஜாக்கிகளால் முட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் இன்ஜினியர் வந்து நூல் பிடித்துப் பார்த்தார். ஸ்லாப் நடுவில் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. நிச்சயதார்த்தத்தை நாராயணவனத்தில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். இரும்பு கர்டர் போட்ட பிறகே அந்தக் குடும்பம் வீட்டுக்குள் படுத்தது. மேஸ்திரி அந்தப் பக்கம் வரவில்லை. எனக்கும் அதற்குப் பிறகு வேலை கொடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளுக்கும் நானே போனேன். இரண்டு வீட்டில் உடனே நம்பினார்கள். பிச்சாட்டூர் வீட்டுக்காரர் மட்டும், “மேஸ்திரிக்கும் உனக்கும் சண்டையாப்பா?” என்று கேட்டார். ட்ரில்லை அவர் கையிலேயே கொடுத்தேன். பெயின்ட் போய்விடுமே என்று தயங்கி, பிறகு அழுத்தினார். ட்ரில் உள்ளே போன வேகத்தில் அவரே தடுமாறி என் மேல் சாய்ந்தார்.

மிச்ச நான்கு வீடுகள் எவை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டபோது மேஸ்திரி போனை வைத்துவிட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சுவர் எடுத்த வீட்டுக்குள் போனால், வயர் பைப் போடுவதற்கு முன்னால் மேலே இருப்பது எதன்மேல் நிற்கிறது என்று கேளுங்கள். அது நம் வேலை இல்லை என்று நான் மூன்று வீடுகளில் கேட்காமல் வந்திருக்கிறேன்.