புல் முளைக்காத கொல்லை

ரோண்டா டாக்கெட் ஓர் இடத்தில் போய் நின்றால் முதலில் வேலை செய்வது மூக்குதான். பிறகுதான் கண். வாய்க்குக் கடைசி இடம். பல நாள் அது திறக்கவே திறக்காது.

யங்ஸ்டவுன் பக்கம் ஒரு கடையோ கிடங்கோ கைமாறுவதென்றால், கடன் கொடுக்கிற வங்கி இவளைப் போல ஓர் ஆளை வரவழைத்துப் பார்க்காமல் பையை அவிழ்க்காது. அங்கே முன்பு யார் என்ன தொழில் செய்தார்கள், எதை எங்கே கொட்டினார்கள், மண்ணுக்கடியில் என்ன கிடக்கிறது என்று விசாரித்து எழுதிக் கொடுப்பது அவள் பிழைப்பு. இரும்பாலைகள் கொடிகட்டிப் பறந்து, பிறகு ஒவ்வொன்றாக மூடிப்போன ஊர் அது. சுத்தமான மண் என்பது அங்கே குதிரைக்கொம்பு. ஆகவே ரோண்டாவுக்கு வேலைக்குப் பஞ்சமே வந்ததில்லை.

அவள் அப்பா லாரி மெக்கானிக். சோற்றுத் தட்டு வரைக்கும் டீசல் வாசம் அடித்த வீட்டில் வளர்ந்தவள். எந்த நாற்றம் எண்ணெய், எது பெயின்ட், எது வெறும் சாக்கடை என்பதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கல்லூரி முடித்தாள், இந்த வேலையில் சேர்ந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள். புருஷன் கொஞ்ச காலம் பார்த்தான். "நீ பேசாம இருந்தே ஒரு மனுஷனக் கொன்னுடுவ" என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு போனான். அவள் அதற்கும் பதில் சொல்லவில்லை.

ஆனால் புருஷனைத் துரத்திய அதே மௌனம்தான் தொழிலில் அவளுக்குச் சோறு போட்டது. ஒரு கேள்வியைக் கேட்பாள். பிறகு கொடுத்ததைத் தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த ஊர்க்காரர்களுக்கு எதிரே ஓர் ஆள் பேசாமல் இருந்தால் தாங்காது. மரியாதைக் குறைவு போல இருக்கும். தாங்களே பேசி அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள். அப்படித்தான் ஒரு கிடங்குக்காரர், கொல்லையில் நின்ற இரும்புக் குழாயின் உச்சியில் தான் கட்டிய குருவிக் கூட்டை அவளுக்குப் பெருமையாகக் காட்டினார். புதைந்து கிடந்த எண்ணெய்த் தொட்டியின் மூச்சுக்குழாய் அது. மனிதர் வாயாலேயே கெட்டார்.

எமில் கோவாச்சைப் பார்க்க அவள் போனது ஆகஸ்ட் வெயிலில். கீழே டிரை கிளீனிங் கடை, மாடியில் வீடு. கிழவரும் அவர் மனைவி வில்மாவும் ஆயுள் முழுக்க அங்கேதான் ஊர்க்காரர்களின் கோட்டையும் கல்யாண உடுப்பையும் வெளுத்துக் கொடுத்தார்கள். இப்போது வில்மாவின் முழங்கால் படி ஏற மறுத்துவிட்டது. மாடியில் ஏறியவள் இறங்குவதே இல்லை. கொலம்பஸில் மகள் வீட்டில் தரைத்தளத்தில் ஓர் அறை தயாராக இருக்கிறது. கடை விற்றால் மறுநாளே கிளம்பிவிடலாம். வாங்க வந்த பெண்மணி அங்கே குழந்தைகள் காப்பகம் வைக்கப் போகிறாள்.

"வாம்மா, வா. கொட்டைப் பலகாரம் இருக்கு. தின்னுட்டுத்தான் வேலை" என்றார் எமில்.

ரோண்டா தின்றாள். பிறகு கேட்டாள். "மெஷின்ல மிஞ்சுற கழிவ என்ன பண்ணுவீங்க, மிஸ்டர் கோவாச்?"

"கம்பெனிக்காரன் வந்து எடுத்துட்டுப் போவான்."

அவள் தலையாட்டினாள். இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள். பேசவில்லை.

எமிலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அது பின்னாடி வந்த வழக்கம். அதுக்கு முன்னாடி நாங்களே பாத்துக்கிட்டோம். வா, காட்டுறேன்."

கொல்லைக்கு அழைத்துப் போனார். கடையை ஒட்டிச் சரளைக்கல் பரப்பிய முற்றம். அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் எல்லாம் இடுப்புயரம் புதர் மண்டிக் கிடக்க, இங்கே மட்டும் ஒரு பச்சை இல்லை.

"பாரு! ஒரு புல்லு? ஒரு பூண்டு? சனிக்கிழமையானா மிஞ்சின மருந்த வாளில எடுத்துட்டு வந்து சுத்தி ஊத்திடுவேன். களை கிட்ட வருமா? தெருவுலயே என் கொல்லைதான் சுத்தம். அப்பல்லாம் எல்லாரும் என்கிட்ட கேட்டுத்தான் அவங்க வீட்டுலயும் ஊத்தினாங்க."

துணியைத் தண்ணீரில் நனைக்காமல் அழுக்கெடுக்கிற அந்த மருந்து விஷம், மண்ணுக்குள் இறங்கினால் லேசில் கிளம்பாது. ரோண்டாவுக்கு அது தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிச் செடிகள் காய்த்துத் தொங்கின.

"அது வில்மா வச்சது. இப்ப நான்தான் தண்ணி ஊத்துறேன். அவ ஜன்னல்லேருந்து அதிகாரம் பண்ணுவா" என்று சிரித்தார் கிழவர். காகிதப்பை நிறையப் பழம் பறித்து அவள் கையில் திணித்தார். அந்தத் தெருவில் தக்காளியை வேண்டாமென்றால் பெண் கொடுத்த சம்பந்தியை வாசலோடு அனுப்பியதற்குச் சமானம்.

"ரொம்ப நன்றி, மிஸ்டர் கோவாச்" என்று சொல்லி ரோண்டா வாய் நிறையச் சிரித்தாள்.

தெருமுனை பெட்ரோல் பங்க்கில் காரை நிறுத்தி, பையை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டாள். கண்டதைப் பணம் கொடுத்து அமர்த்தியவரிடம்தான் சொல்ல வேண்டும், விற்கிறவரிடம் மூச்சுவிடக்கூடாது. அது தொழில் நியதி. அவள் ஒருநாளும் மீறியதில்லை. கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடுத்தாள். எழுதாமல் எப்படி இருப்பாள்? அந்தச் சரளையில் நாளைக்குக் குழந்தைகள் தவழும்.

அதைப் படித்ததும் வாங்க வந்தவள் பின்வாங்கினாள். போகிற போக்கில் காரணத்தையும் கிழவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இலையுதிர் காலம் தொடங்கியபோது எமில் கோவாச் அவள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. கத்தப் போகிறார் என்று ரோண்டா எதிர்பார்த்தாள். அவள் முகத்துக்கு நேராகக் கத்தியவர்கள் நிறையப் பேர் உண்டு, உட்கார்ந்து கேட்டுக்கொள்வாள்.

"அந்தத் தக்காளியத் தின்னியாம்மா?"

"இல்ல."

"யாருக்காவது குடுத்தியா?"

"இல்ல. பங்க் குப்பைத்தொட்டில போட்டுட்டேன்."

"அப்பாடா" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒவ்வொரு வீடா ஏறி இறங்கிட்டேன். சாஸ் போட்டு வச்சவங்க ஜாடியத் திருப்பிக் குடுத்தாங்க, இந்தா பெட்டில இருக்கு. தின்னவங்க கதவச் சாத்திட்டாங்க. உன் ஒருத்தி பேருதான் பாக்கி இருந்துச்சு."

"செடில ஒண்ணுமே ஏறாம இருந்திருக்கலாம், மிஸ்டர் கோவாச். மண்ண எடுத்துச் சோதிச்சாத்தான் தெரியும்."

"இருக்கலாம்." பெட்டியின் மூலையை விரலால் நிமிண்டினார். "எப்பப் போட்ட?"

"அன்னிக்கே."

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கேவா?"

ரோண்டா பேசவில்லை. எதிராளி பேசி நிரப்புவார் என்று அவள் வாய் பழகிக் கிடந்தது. அவரும் நிரப்பினார்.

"அதுக்கப்புறந்தான் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவுக்குக் குடுத்தேன். சர்ச்சுல விருந்துக்குக் குடுத்தேன். வில்மாவுக்குத் தினமும் நறுக்கி உப்புப் போட்டுக் குடுத்தேன்."

"கடை விஷயம்…" என்று ரோண்டா ஆரம்பித்தாள்.

"அது கெடக்கு. வில்மா மாடிலயே இருக்கட்டும், வேற என்ன பண்றது?"

பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு அவரோடு கார் வரைக்கும் போனாள். பின்சீட்டில் இன்னும் நிறையச் சிவப்பு ஜாடிகள் இருந்தன. பெட்டியை அவற்றோடு வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"மன்னிச்சிருங்க, மிஸ்டர் கோவாச்."

"நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்குற? ஊத்தினது நான்தானே."

காரைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் உருண்டு மறுபடி நின்றது. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"ஆனா நீ சிரிச்சுக்கிட்டே வாங்கினியேம்மா."